உங்கள் பைல் அடுத்த கம்ப்யூட்டருக்குப் புரிகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே சந்திக்கும் பிரச்சினை ஒன்று உண்டு. உங்கள் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்த தமிழ் பைலை நண்பரின் கம்ப்யூட்டரில் திறந்தால், பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அல்லது கட்டம் கட்டமாகத் தெரியும். பைல் கெட்டுவிட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. எழுதிய சாப்ட்வேர் ஒரு மொழியில் எழுதியிருக்கிறது. படிக்கும் சாப்ட்வேருக்கு அந்த மொழி தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஒரு சாப்ட்வேர் கொடுத்ததை இன்னொரு சாப்ட்வேர் சரியாகப் புரிந்துகொண்டு வேலை செய்வதற்கு இன்டர்ஆபரபிலிட்டி என்று பெயர். சென்னையில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் என்னுடைய அன்றாட வேலையே இதுதான். ஒரு கம்பெனியின் பில்லிங் சாப்ட்வேரையும் இன்னொரு கம்பெனியின் கணக்கு சாப்ட்வேரையும் பேச வைக்க வேண்டும். சாப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் என்று அழைக்கப்படுபவர்கள் பெரிய வரைபடம் போட்டுத்தான் இதைத் தொடங்குவார்கள். ஆனால் அடிப்படை மிக எளிது. வீட்டில் உள்ள ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு எக்செல் பைலையும் வைத்தே அதைக் கற்றுக்கொள்ளலாம். எங்கள் ஊரில் செய்த ஒரு சிறிய வேலையை உதாரணமாக வைத்து இந்தப் பாடத்தைச் சொல்கிறேன்.

இரண்டு ஊர், இரண்டு பட்டியல்

விழுப்புரமும் திண்டிவனமும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஊர்கள். இடையில் விழுப்புரத்தை ஒட்டிய முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நெடுஞ்சாலையில் விபத்து என்றால் அங்கேதான் கொண்டு வருவார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் போய் ரத்தம் கொடுக்கக்கூடிய இடம் அது.

விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த நண்பர்கள் ரத்த தானம் செய்பவர்களின் பட்டியல் ஒன்றை எக்செல்லில் வைத்திருந்தார்கள். திண்டிவனத்தில் இன்னொரு குழுவிடம் ஒரு பட்டியல் இருந்தது. கையடக்கப் புத்தகமாக அச்சிடுவதற்காக டி.டி.பி. சென்டரில் டைப் செய்தது. இரண்டிலும் சில நூறு பெயர்கள். இரண்டையும் ஒன்றாக்கித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். "காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணா முடிஞ்சுது, தம்பி" என்றார் திண்டிவனத்து அண்ணன் ஒருவர்.

முடியவில்லை. மூன்று சுவர்கள் குறுக்கே நின்றன. எந்த இரண்டு சாப்ட்வேர்களை இணைத்தாலும் இதே மூன்று சுவர்கள்தான் வரும். அது ரத்த தானப் பட்டியலானாலும் சரி, வங்கிக் கணக்கானாலும் சரி.

முதல் சுவர்: எழுத்து

கம்ப்யூட்டருக்கு எண் மட்டும்தான் தெரியும். 1963-ல் வந்த ஆஸ்கி முறையில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய ஏ எழுத்துக்கு 65 என்ற எண். தமிழுக்கு அதில் இடமே இல்லை. எனவே தொடக்க காலத்தில் தமிழ் பாண்ட் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். திரையில் தமிழ் தெரியும்.

திண்டிவனத்துப் பட்டியல் பாமினி பாண்ட்டில் இருந்தது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் பைலுக்குள் எப்படி இருக்கும் தெரியுமா? ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. இந்த ஐந்தும்தான். பாமினி பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் இந்த ஐந்தும் அப்படியே தெரியும். வேறு நிறுவனத்தின் தமிழ் பாண்ட்டைப் போட்டால் வேறு ஏதோ தமிழ் எழுத்துகள் தெரியும். ஏனென்றால் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி வேறு வேறு எண்களில் வைத்தது.

இதற்குப் பொது மொழி வேண்டும் என்ற யோசனை புதிதல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு முறைகளும் தமிழ் 99 கீபோர்டும் வந்தன. உலகெங்கும் உள்ள தமிழ் ஆர்வலர்கள் சேர்ந்து டிஸ்கி என்ற முறையை உருவாக்கினார்கள். மொத்த உலகத்துக்கும் ஒரே பட்டியல் என்று வந்தது யூனிகோட். 1991-ல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. விண்டோஸ் 2000-ல் லதா பாண்ட்டுடன் யூனிகோட் தமிழ் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தது. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. அச்சுப் பணிக்கு டேஸ் 16 என்ற முறையையும் உடன் ஏற்றது.

அப்படியானால் டி.டி.பி. சென்டர்கள் ஏன் பழைய பாண்ட்டையே பிடித்துக்கொண்டிருந்தன? காரணம் உண்டு. அவர்கள் பயன்படுத்திய பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. அடோபி இன்டிசைனில் தமிழ் யூனிகோட் ஒழுங்காக அமைய 2012-ல் வந்த சி.எஸ்.6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பைலை மாற்றிக்கொள்ளும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

கன்வெர்ட்டர் செய்யும் வேலை

பழைய பாண்ட்டை யூனிகோடாக மாற்றும் சாப்ட்வேருக்கு கன்வெர்ட்டர் என்று பெயர். எண்ணுக்கு எண் மாற்றினால் போதும் என்று தோன்றும். போதாது. பழைய பாண்ட்டில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்து இருக்கும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. கன்வெர்ட்டர் இந்த வரிசையையும் திருப்பி அமைக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே எண் வேறு. சில கன்வெர்ட்டர்கள் இரண்டாவது வகையில் மாற்றித் தருகின்றன. அப்போது பட்டியலில் 'கோபால்' கண் முன்னே இருப்பார். தேடினால் கிடைக்க மாட்டார். இப்படிப்பட்ட எழுத்துகளை ஒரே வகைக்குக் கொண்டுவரும் வேலைக்கு நார்மலைசேஷன் என்று பெயர். பைண்ட் அண்ட் ரீப்ளேஸ் வசதியிலேயே இதைச் செய்துவிடலாம்.

இன்னும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. முழு பைலையும் கன்வெர்ட்டரில் போடாதீர்கள். திண்டிவனத்துப் பட்டியலில் பெயர் பாமினியில் இருந்தது. ரத்த வகை சாதாரண ஆங்கிலத்தில் இருந்தது. கன்வெர்ட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். ரத்த வகை ஓ என்பது 'ழு' ஆகிவிடும். ஏ என்பது 'யு' ஆகிவிடும். பி என்பது 'டீ' ஆகிவிடும்! பெயர், ஊர் ஆகிய இரண்டு காலங்களை மட்டும் தனியே எடுத்து மாற்றி, மீண்டும் அதே இடத்தில் சேர்ப்பதே சரியான வழி.

இரண்டாவது சுவர்: வடிவம்

எழுத்து புரிந்துவிட்டது. இனி எண்ணும் தேதியும்.

கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி என்ற காலத்தைப் பார்ப்போம். 05/08/2024 என்று இருக்கிறது. நமக்கு இது ஆகஸ்ட் 5. கம்ப்யூட்டரின் ரீஜன் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் எக்செல் இதை மே 8 என்று எடுத்துக்கொள்ளும். 25/08/2024 என்று இருந்தால் 25-வது மாதம் கிடையாது என்பதால் தேதியாகவே ஏற்காது. ஒரே காலத்தில் பாதி தவறான தேதி, பாதி வெறும் எழுத்து.

இதில் என்ன ஆபத்து? ஒருமுறை ரத்தம் கொடுத்த ஆண் மீண்டும் கொடுக்க 90 நாட்களும், பெண் 120 நாட்களும் காத்திருக்க வேண்டும். ஒருவர் ஆகஸ்ட் 5-ல் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டர் அதை மே 8 என்று எண்ணுகிறது. ஆகஸ்ட் 10-ல் தேவை வருகிறது. பட்டியலில் '94 நாட்கள் ஆகிவிட்டன, அழைக்கலாம்' என்று வரும். உண்மையில் ஆனவை 5 நாட்கள்தான். அவரை அழைப்பது வீண். அந்த நேரத்தில் அழைத்திருக்க வேண்டிய இன்னொருவர் விடுபட்டும் போகலாம்.

இதற்கு உலகம் ஒப்புக்கொண்ட தீர்வு இருக்கிறது. ஆண்டு - மாதம் - நாள் என்ற வரிசை. ஆகஸ்ட் 5 என்பது 2024-08-05. ஐ.எஸ்.ஓ. 8601 என்பது இந்தத் தர அளவின் பெயர். வரிசைப்படுத்தினாலும் காலவரிசை மாறாது.

அடுத்து செல்போன் எண். 91 என்று தொடங்கி 12 இலக்கமாக எண்ணை டைப் செய்தால் எக்செல் அதைச் சுருக்கி, நடுவில் புள்ளியும் ஈ என்ற எழுத்தும் போட்டு, அறிவியல் கணக்கு போலக் காட்டும். அந்த நிலையிலேயே சி.எஸ்.வி. பைலாக சேவ் செய்தால், திரையில் தெரிந்த சுருக்கம்தான் பைலுக்குள் போகும். அந்த பைலில் உண்மை எண் போயே போய்விடும். எனவே செல்போன் காலத்தை முதலிலேயே டெக்ஸ்ட் என்று அமைத்துவிட வேண்டும். கூட்டிக் கழிக்காத எண் எதுவும் கம்ப்யூட்டருக்கு எண் அல்ல, எழுத்துதான்.

மூன்றாவது சுவர்: பொருள்

இதுதான் உயரமான சுவர். இதற்கு எந்த கன்வெர்ட்டரும் கிடையாது.

'ஊர்: விழுப்புரம்' என்று இருந்தால் என்ன பொருள்? விழுப்புரம் நகரமா, மாவட்டமா? திண்டிவனமும் விழுப்புரம் மாவட்டம்தான். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதற்கு முன் பட்டியலில் சேர்ந்த கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கும் 'விழுப்புரம்' என்றே எழுதியிருக்கும். அவரை 'பக்கத்தில் இருப்பவர்' என்று நினைத்து நள்ளிரவில் அழைத்தால் எப்படி வந்து சேர்வார்?

ஆங்கிலத்தில் எழுதினாலும் தீராது. ரயில்வே போர்டில் எல் இரண்டு, பி ஒன்று. மாவட்ட நிர்வாகம் பயன்படுத்தும் எழுத்தில் எல் ஒன்று, பி இரண்டு. கம்ப்யூட்டருக்கு இவை இரண்டு ஊர்கள். அதனால்தான் ஒவ்வொரு துறையும் ஊர்ப் பெயரை நம்பாமல் குறியீடு வைத்திருக்கிறது. விழுப்புரம் ரயில்வேயில் வி.எம்., தபால் துறையில் 605602, வண்டிப் பதிவில் டி.என். 32. திண்டிவனம் ரயில்வேயில் டி.எம்.வி., தபாலில் 604001, வண்டிப் பதிவில் டி.என். 16. ஒரே ஊருக்கு மூன்று பெயர்கள். மூன்று துறைகளின் சாப்ட்வேரையும் இணைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, எந்தக் குறியீடு எதற்குச் சமம் என்று ஒரு அட்டவணை போடுவதுதான். எங்கள் பட்டியலுக்கு பின்கோடு போதும் என்று முடிவு செய்தோம்.

ரத்த வகையிலும் இதே கதை. ஒரு பட்டியலில் 'ஓ நெகடிவ்'. இன்னொன்றில் ஓ போட்டு ஒரு கோடு. சில இடங்களில் ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம். ஓ நெகடிவ் என்று பில்டர் செய்தால் முதல் வகை மட்டும்தான் வரும். அரிதான ரத்தம் உள்ளவர் பட்டியலில் இருந்தும் இல்லாதவர் ஆகிவிடுவார். எனவே எட்டு வகைகளையும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். அதோடு 'பிற வகை' என்று ஒரு இடமும் விட்டோம். 1952-ல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே வகை ரத்தம் சாதாரணப் பரிசோதனையில் ஓ போலவே தெரியும். ஆனால் அவர்களுக்கு ஓ வகை ரத்தம் ஏற்றக்கூடாது. எட்டுக்குள் அடங்காதவரை எட்டில் ஒன்றில் திணிக்கும் பட்டியல் நல்ல பட்டியல் அல்ல.

நடுவில் ஒரு பொது மொழி

இப்போது முக்கியக் கேள்வி. யார் யாருக்காக மாறுவது? திண்டிவனம் விழுப்புரம் போல மாற வேண்டுமா? நாளைக்கு செஞ்சியிலிருந்து இன்னொரு குழு வந்தால் என்ன செய்வது?

சின்னக் கணக்கு ஒன்று போடுங்கள். 5 வகை பட்டியல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மற்ற நான்காக நேரடியாக மாற்ற 5 x 4 = 20 கன்வெர்ட்டர்கள் வேண்டும். நடுவில் ஒரு பொது வடிவம் வைத்தால்? ஒவ்வொன்றுக்கும் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. மொத்தம் 10 போதும். 10 வகைகள் என்றால் 90-க்குப் பதில் 20. ஆர்க்கிடெக்ட்கள் இதைக் கனானிகல் மாடல் என்பார்கள். பெயர் பெரிது, விஷயம் இவ்வளவுதான்.

எனவே விழுப்புரம் குழு தன் எக்செல்லை மாற்றவில்லை. திண்டிவனம் குழு தன் அச்சு பைலைத் தூக்கி எறியவில்லை. நடுவில் ஒரு பைல் வைத்தோம். அதில் ஏழு காலங்கள்: பெயர், பிறந்த ஆண்டு, ஆண் அல்லது பெண், ரத்த வகை, செல்போன், பின்கோடு, கடைசியாகக் கொடுத்த தேதி. ஒவ்வொன்றையும் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு குழுக்களுக்கும் கொடுத்தோம். மாதம் ஒருமுறை இரண்டு குழுக்களும் தங்கள் பட்டியலிலிருந்து இந்த வடிவில் ஒரு பைல் எடுத்து அனுப்ப வேண்டும்.

ஒரே ஆள் இரண்டு பட்டியலிலும் இருந்தால்? பெயரை வைத்துப் பார்க்க முடியாது. 'கு. முருகன்' ஒன்றில், 'முருகன் கு' இன்னொன்றில். செல்போன் எண்ணை மட்டும் வைத்தும் பார்க்க முடியாது. கணவன், மனைவி இருவரும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். செல்போன் எண்ணும் பிறந்த ஆண்டும் ஒத்துப்போனால் 'ஒரே ஆளா?' என்று குறித்து, போன் செய்து கேட்டு உறுதி செய்தோம்.

எழுத்து மாற்றும் வேலை ஒரே மாலையில் முடிந்தது. அந்த ஒரு பக்க ஒப்பந்தத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. என் அலுவலக வேலையிலும் கணக்கு இப்படித்தான். கம்ப்யூட்டர்கள் சீக்கிரம் ஒத்துப்போகும். அவற்றின் சொந்தக்காரர்கள் ஒத்துப்போகத்தான் நேரமாகும்.

இதே வழியில்தான் நாட்டின் பணமும் நகர்கிறது. திண்டிவனத்து டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டை ஒரு நிறுவனத்துடையது. உங்கள் செல்போனில் உள்ள ஆப் வேறு நிறுவனத்துடையது. இருவரின் வங்கிகளும் வேறு, அந்த வங்கிகளின் சாப்ட்வேரும் வேறு. 2016-ல் நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் கொண்டுவந்த யு.பி.ஐ. முறையில் எல்லா வங்கிகளும் நடுவில் உள்ள அந்த அமைப்போடு ஒரே வடிவத்தில் பேசினால் போதும். எந்த வங்கியும் மற்ற வங்கியின் சாப்ட்வேரைத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

1. எந்த பைலையும் மாற்றும் முன் ஒரு காப்பி எடுத்துத் தனி போல்டரில் வையுங்கள். அசல் பைலைத் தொடாதீர்கள்.

2. எக்செல் 2016 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் பைல் மெனுவில் சேவ் ஆஸ் கிளிக் செய்யுங்கள். சேவ் ஆஸ் டைப் பட்டியலில் 'சி.எஸ்.வி. யு.டி.எப்-8' என்பதைத் தேர்வு செய்யுங்கள். வெறும் சி.எஸ்.வி. என்பதைத் தேர்வு செய்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். கேள்விக்குறியான எழுத்தை எந்த கன்வெர்ட்டராலும் மீட்க முடியாது.

3. நோட்பேடில் சேவ் செய்யும்போது கீழே என்கோடிங் என்ற கட்டம் இருக்கும். அதில் யு.டி.எப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்சி என்று இருந்தால் இங்கேயும் கேள்விக்குறிதான்.

4. வந்த சி.எஸ்.வி. பைலை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செல்லில் டேட்டா மெனு, பிரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி. என்று போய், பைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் என்பதைத் தேர்வு செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் பைலைத் திறந்தவுடன் இதற்கான டயலாக் பாக்ஸ் தானே வரும். அங்கேயே செல்போன் காலத்தை டெக்ஸ்ட் என்று அமைத்துவிடலாம்.

5. திரையில் மேலே சாய்கோடு போட்ட சின்ன ஏ எழுத்தும், அதை அடுத்து வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? பயப்படாதீர்கள். அது நல்ல யூனிகோட் தமிழ்தான். திறந்த முறைதான் தவறு. சேவ் செய்யாமல் மூடிவிட்டு, 4-வது முறையில் திறங்கள்.

6. மாற்றும் முன் எத்தனை வரிகள், மாற்றிய பின் எத்தனை வரிகள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு மேலே, நடுவே, கீழே என்று பத்து வரிகளை அசல் பைலோடு ஒப்பிடுங்கள்.

7. பின்னாளில் புதிய காலம் தேவைப்பட்டால் கடைசியில் சேருங்கள். இருக்கும் காலத்தின் பொருளை மட்டும் மாற்றாதீர்கள். பழைய பைல்கள் எல்லாம் பொய்யாகிவிடும்.

இன்டர்நெட்டில் உள்ள கன்வெர்ட்டரைப் பயன்படுத்தினால் பெயர்க் காலத்தை மட்டும் ஒட்டுங்கள். செல்போன் எண்ணையும் ரத்த வகையையும் சேர்த்து ஒட்டாதீர்கள். பட்டியலில் உள்ளவர்கள் உங்களை நம்பிக் கொடுத்த விவரங்கள் அவை. பட்டியலில் சேர்க்கும்போதே அவர்களிடம் சம்மதம் கேட்டுவிடுங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இது யாரை அழைக்கலாம் என்று சொல்லும் பட்டியல் மட்டுமே. ரத்த வகையை உறுதி செய்வது ரத்த வங்கியின் பரிசோதனைதான்.

இந்த மாதப் பயிற்சி: உங்கள் வீட்டில் உள்ள ஒரு பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண மொய்க் கணக்காக இருக்கலாம், சுயஉதவிக் குழுவின் சேமிப்புக் கணக்காக இருக்கலாம். அதை யு.டி.எப்-8 சி.எஸ்.வி.யாக சேவ் செய்து வேறொருவரின் கம்ப்யூட்டரில், வேறொரு சாப்ட்வேரில் திறந்து பாருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று விளக்காமலேயே ஒவ்வொரு காலத்தின் பொருளும் அவருக்குப் புரிந்தால், உங்கள் பைல் பத்து ஆண்டு கழித்தும் பயன்படும்.